ஞானகுமாரி எழுதிய ‘வரிசை’

காட்டுப்பாக்கத்தில் இப்போது தலைக்கு மேலே மெட்ரோ பாலம் போகிறது. அதன் தூண்களுக்கு நடுவே பூந்தமல்லி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் ஓர் அம்மாளை நீங்கள் பார்த்திருக்கலாம். காட்டன் புடவை, தோளில் துணிப்பை, நரைத்த முடியை இறுக்கிச் சுற்றிய கொண்டை. யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத முகம். பஸ் குமணன்சாவடியைத் தாண்டும்போது மட்டும் அவள் குனிந்து, ஜன்னல் வழியாக ஒரு கட்டடத்தின் மாடியைப் பார்ப்பாள். இன்று அங்கே ஒரு அழகு நிலையம். மணப்பெண்ணின் படம் போட்ட பெரிய பலகை. ஒரு காலத்தில் அந்த மாடியில்தான் ஞானகுமாரியின் ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

அவளுடைய அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். அவள் பிறந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தவன் தம்பி ஜாபஸ். கையும் காலும் அவன் சொன்னபடி கேட்காது. பேச்சு வராது. அறிவில் ஒரு குறையும் இல்லை. வலது முழங்கால் ஒன்று மட்டும் அவன் நினைத்தால் அசையும். அவன் கண்ணைப் பார்த்தே அவனுக்குத் தாகமா, கோபமா, கிண்டலா என்று சொல்லிவிடக்கூடிய ஒரே ஆள் அம்மா. அக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், உள்ளறையில் இருந்த தம்பியை எட்டிப் பார்த்தார்கள், அப்புறம் தகவல் அனுப்பவேயில்லை. அதற்காக அவள் அழுது பார்த்தவர் யாரும் இல்லை. எஸ்டேட்டில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்யும் வேலைக்குப் போனாள். ஊரில் யார் யாருக்கோ கல்யாணம். பெயர்கள் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயின.

அப்பா போய் மூன்றாவது வருடம் அம்மாவும் போனாள். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று ஜாபஸை அழைத்துப்போக முடியவில்லை. ஞானகுமாரி மட்டும் ஆட்டோவில் திரும்பி வந்தாள். கதவைத் திறந்தபோது அவன் கண் அவளுடைய கையைப் பார்த்தது, பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தது. அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனைப் புரிந்துகொள்ள ஆள் இல்லை. தண்ணீர் கொடுத்தால் துப்புவான். போர்வை போட்டால் முழங்காலால் தள்ளுவான். என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அவளும், சொல்ல முடியாமல் அவனும், ஒருவரையொருவர் பார்த்தபடி எத்தனையோ மாலைகள் போயின.

அந்த நாட்களில்தான் அச்சகத்துக் கம்ப்யூட்டர் கெட்டுப்போய், பழுது பார்க்க பரந்தாமன் வந்தான். குமணன்சாவடியில் கடை வைத்திருந்தவன். வாய் ஓயாது.

“இன்னா குமாரி, திருட்டு சாஃப்ட்வேர போட்டுகினு வைரஸு வருது, வைரஸு வருதுன்னா? நம்மாண்ட ஒரு சிடி கீது. துட்டு வாணாம். உள்ள தொறந்து பாக்கலாம், மாத்தலாம், பக்கத்து ஊட்டுக்கும் குடுக்கலாம். கட்டற்ற மென்பொருள்னு பேரு.”

“மாத்தலாமா?” என்றாள் ஞானகுமாரி.

“தாராளமா மாத்து. யாரு கேக்கப்போறா?”

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஞாயிறு அவள் அந்த மாடிக்குப் போனாள்.

பரந்தாமனுடைய கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், பாதி உயிரோடு இருக்கும் கம்ப்யூட்டர்கள், சுவரில் படம் காட்டும் ஒரு பழைய புரொஜெக்டர். பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். அங்கே யாரும் யாருக்கும் வாத்தியார் இல்லை. தெரியாததைக் கேட்கலாம், தெரிந்ததைச் சொல்லலாம். ஆனால் அந்த அறைக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. குழுவின் விஷயத்தை இரண்டு பேர் தனியாகப் பேசக்கூடாது. மூலையில் குசுகுசுத்து மாட்டிக்கொண்டால், அதையே எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி சொல்ல வேண்டும். கூடவே அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். மென்பொருளைப் பற்றி எந்தக் கடிதம் வந்தாலும், நல்லதோ கெட்டதோ, அப்படியே மடற்குழுவில், அதாவது இணையத்தில் இருந்த குழுவின் மின்னஞ்சல் பட்டியலில், போட்டுவிட வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். “திறந்த வீட்டுல ரகசியம் பேசுனா அது திருட்டு மென்பொருள்” என்பான் பரந்தாமன். அவனேதான் அதிகமாக டீ வாங்கிக் கொடுத்தவன்.

அந்த அறையில்தான் ‘வரிசை’ பிறந்தது. திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஓர் ஒளிப்பட்டை ஒவ்வொரு வரிசையாக இறங்கிவரும். வேண்டிய வரிசை வந்ததும் ஜாபஸ் முழங்காலால் ஒரு பொத்தானை அழுத்துவான். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக ஒளி நகரும், மறுபடி அழுத்துவான். காலிங் பெல் சுவிட்சைப் பிரித்து, பலகையில் அறைந்து, அந்தப் பொத்தானைச் செய்து கொடுத்தவன் பரந்தாமன். கம்ப்யூட்டருக்கான நிரல் முழுக்க ஞானகுமாரி அந்த மாடியில் கற்றுக்கொண்டு எழுதியது. பகலில் கல்யாணப் பத்திரிகை, மாலையில் இது. தப்பும் தவறுமாக எழுதி, குழுவில் போட்டு, யார் யாரோ திருத்தி, மறுபடி எழுதி.

முதல் முறை ஜாபஸைச் சக்கர நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தார்கள். “இன்னா ஜாபஸு, அக்கா பிரியாணியா போடுது? வெயிட்டு ஏறிகினே போவுதே” என்று மூச்சு வாங்கினான் பரந்தாமன். புரொஜெக்டரில் எழுத்துகள் சுவர் முழுக்க விரிந்தன. முப்பது வயதை நெருங்கும் ஒருவன் தன் வாழ்க்கையின் முதல் வாக்கியத்தைச் சொல்லப் போகிறான். ஞானகுமாரி துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஓர் எழுத்து. இன்னோர் எழுத்து. ‘அக்கா’ என்று வந்ததும் அவள் உதடு துடித்தது. அடுத்து ‘குழ’ வரை வந்தது. பரந்தாமனால் பொறுக்க முடியவில்லை. “குழந்தை! அக்கா குழந்தை மாதிரின்னு சொல்ல வர்றான்பா!” என்று கத்தினான்.

ஜாபஸ் நிதானமாக முடித்தான். ‘அக்கா குழம்பில் உப்பு இல்லை.’

அந்தச் சிரிப்பு கீழே ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஞானகுமாரி சிரித்தாள், அழுதாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை வருடமாக இந்தப் பிள்ளை உப்பில்லாக் குழம்பைச் சாப்பிட்டு வந்திருக்கிறான்! அன்றைக்கே அறையில் இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. ஜாபஸ் பேசி முடிக்கும்வரை யாரும் அவன் சொல்லை ஊகித்து முடிக்கக்கூடாது. முடித்தால் டீ. முதல் டீ பரந்தாமனுடையது.

வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அங்கே அவள் அக்கா. அடுப்பில் பால் பொங்கும். காலையில் எஸ்டேட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவன் பாதி சொல்லும்போதே அவள் மீதியைச் சொல்லிவிடுவாள். பல நாள் அது சரியாகவும் இருக்கும். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது. சில சமயம் முழங்கால் தாமதமாக அசைகிறது. ஒளி கடந்து போய்விடுகிறது. தப்பான எழுத்து விழுகிறது. பாவம், களைத்துப் போகிறான் என்று நினைத்தாள். அன்றே நிரலில் புதிதாக ஒரு பகுதி எழுதினாள். பொத்தான் அழுத்தத் தாமதமானால் இயந்திரமே கண்டுகொண்டு ஒளியின் வேகத்தைக் குறைத்துவிடும். இன்னும் தாமதமானால் திரை மெல்ல மங்கி, ஓய்வெடுக்கச் சொல்லும். திரை மங்கினால் அவள் வந்து, “போதும்டா கண்ணு, களைச்சுட்டே” என்று மூடி வைத்து, போர்வையை இழுத்து விடுவாள். அவள் எழுதியதிலெல்லாம் அவளுக்கு மிகவும் பிடித்தது அந்தப் பகுதிதான். தாய்ப்பாசத்தையே நிரலாக எழுதிவிட்டது போல ஒரு பெருமை அவளுக்கு.

‘வரிசை’ காட்டுப்பாக்கத்தைத் தாண்டிப் போனது. ஆவடியில் ராஜகுமாரி என்பவளின் மகள் திவ்யா அதில் பேசினாள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நன்றி சொல்லி மடல்கள் வந்தன.

பிறகு ஒருநாள் அந்த மின்னஞ்சலும் வந்தது. இதுபோன்ற கருவிகளை விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் வக்கீல் எழுதியிருந்தார். பயன்படுத்துபவரின் களைப்பை அழுத்தும் தாமதத்திலிருந்து கண்டறிந்து வேகத்தைக் குறைக்கும் முறைக்கு அவர்கள் தங்கள் நாட்டில் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே ‘வரிசை’யை உடனே நீக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் முதலில் ஒரு வக்கீலைத் தேடியிருப்பார்கள். ஞானகுமாரி அந்த மாடியில் வளர்ந்தவள். கடிதத்தை அப்படியே மடற்குழுவில் போட்டாள். அதோடு விட்டாளா? அந்தக் காப்புரிமை ஆவணத்தையும் தேடிப் படித்துவிட்டு, கீழே தன் பங்குக்கு எழுதினாள்: ‘நான்காவது பத்தியில் அவர்கள் சொல்வதும் நாம் செய்வதும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’

அந்த ஞாயிறு, குழுவில் ஒருவனான ஹேமநாதன் படியேறி வந்த வேகத்தைப் பார்த்தே எல்லாரும் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினார்கள். நூம்பலில் நிலம் வைத்திருந்த குடும்பம். பெரிய மென்பொருள் கம்பெனியில் வேலை. குரல் உயர்த்தாதவன்.

“அக்கா, என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? எதிராளி கேக்கறதுக்கு முன்னாடியே, ஆமா நாங்க பண்ணோம்னு யாராச்சும் ஊருக்கே எழுதுவாங்களா? எங்க ஆபீஸ்ல பேட்டன்ட் பத்தி மெயில்ல ஒரு வார்த்தை எழுதக்கூடாதுன்னு வச்சிருக்காங்க. படிக்கவே கூடாதும்பாங்க.”

“எனக்குத் தோணுச்சுப்பா. தோணினதைத்தானே இங்க கேப்போம்?”

“அதான் வக்கீல் அடுத்த மெயில்ல உங்க வரியையே எடுத்துப் போட்டிருக்கான். நிரலை வச்சிருந்த சைட்டுக்கும் அனுப்பிட்டான். பக்கத்தையே எடுத்துட்டாங்க.”

“நம்ம ஊர் சட்டம் வேற, சாஃப்ட்வேருக்கு பேட்டன்ட் கெடையாதுன்றாங்களே?” என்றான் பரந்தாமன்.

“நம்ம ஊர் சட்டம் வேறதான் நைனா. சைட்டு அவங்க ஊர்லல்ல இருக்கு? இனிமே இந்த மாதிரி பேச்செல்லாம் மூடின குழுவுல வச்சிக்கலாம். நாலு பேர் போதும்.”

“இந்த ரூமுக்குக் கதவே கெடையாது மாமே. நான் இன்னாத்த சாத்தறது?”

யாரும் சிரிக்கவில்லை. நண்பர்களுக்குள் முதல் முறையாக ஒரு பிளவு. ஹேமநாதன் சொல்வது தப்பில்லை என்று ஞானகுமாரிக்கே தெரிந்தது. அவளுடைய ஒரு வரியால் எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளின் வாய் அடைபட்டது. திவ்யாவின் கம்ப்யூட்டர் பழுதாகி, புதியதில் போடப் பக்கத்தைத் தேடினால் காணோம் என்று ராஜகுமாரி போனில் அழுதாள். பிரதியைப் பரந்தாமன் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு யார் கொண்டு போவது?

அந்த வாரமே வக்கீல் அவளுக்கு மட்டும் இன்னொரு கடிதம் அனுப்பினார். மிக மரியாதையான கடிதம். தம்பியின் நிலை அறிந்து கம்பெனி வருந்துகிறது. அவருக்காக மட்டும் அந்த முறையை ஆயுள் முழுக்க இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். புதிய கம்ப்யூட்டர்களில் ஓடும்படி அவர்களே பார்த்துக் கொடுப்பார்கள். பொதுவில் வெளியிடுவதை அவள் கைவிட வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது.

யாரிடமும் பேசக்கூடாது! முதல் முறையாக அவள் ஒரு கடிதத்தை மடற்குழுவில் போடவில்லை. தான் போன பிறகு இந்தப் பிள்ளையின் வாயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி அம்மாவின் சாவு நாளிலிருந்து அவள் நெஞ்சில் கிடந்தது. இதோ ஒருவன் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். ஒரு கையெழுத்துதான். இரண்டு நாள் அந்தக் கடிதத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஜாபஸின் முகத்தைப் பார்த்தால் கையெழுத்துப் போடத் தோன்றும். ஆவடியிலிருந்து போன் வந்தால் பேனாவை மூடி வைப்பாள்.

ஞாயிறு வந்தது. ஜாபஸை மேலே தூக்கி வந்தார்கள். ராஜகுமாரியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மூடின குழுவா, திறந்த குழுவா என்று பேச்சு ஆரம்பிக்கும் முன்னே ஞானகுமாரி எழுந்து நின்றாள்.

“எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு. என்னால முடியலப்பா” என்றவள், உரக்கப் படித்தாள். நடுவில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

முதலில் ராஜகுமாரிதான் பேசினாள். “கையெழுத்த போட்டுடுங்கக்கா. நான் இருந்தாலும் என் பொண்ணுக்குப் போட்டிருப்பேன்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது ஜாபஸின் பொத்தான் சத்தம் கேட்டது. ஹேமநாதன் புரொஜெக்டரைப் போட்டான். எழுத்துகள் சுவரில் வரத் தொடங்கின. ‘அந்தப்’ என்று வந்தது. ‘பகுதி’ என்று வந்தது. பிறகு முழங்கால் அசையவில்லை. ஒளி மெதுவானது. இன்னும் மெதுவானது. திரை மங்கத் தொடங்கியது.

“களைச்சுட்டான்” என்று ஞானகுமாரி எழுந்தாள்.

“உக்காரு குமாரி” என்றான் பரந்தாமன். “முடிக்கட்டும்.”

மங்கிய திரையை மறுபடி எழுப்ப ஜாபஸ் பலமுறை அழுத்த வேண்டியிருந்தது. நெற்றியில் வியர்வை. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. யாரும் ஊகிக்கவில்லை. யாரும் உதவவில்லை. கடைசியில் சுவரில் அது நின்றது.

‘அந்தப் பகுதி எனக்கு வேண்டாம். நான் களைக்கவில்லை. யோசிக்கிறேன்.’

ஞானகுமாரி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். முகத்தில் யாரோ அறைந்தது போல நின்றாள். இத்தனை வருடமாக, ஒவ்வொரு மாலையும், இந்தப் பிள்ளை எதையோ யோசித்து, சொல்லத் தேடிக்கொண்டிருந்தபோதெல்லாம், போதும்டா கண்ணு என்று சொல்லி மூடி வைத்தவள் அவள். அவளும் அவள் எழுதிய நிரலும்.

“ஏண்டா முன்னாடியே சொல்லல?” என்றாள். கேள்வி பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

‘சொல்ல ஆரம்பித்தால் மங்கிவிடும்’ என்றான் ஜாபஸ்.

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். ஞானகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தாள்.

“ஆனா எங்க திவ்யா நெஜமாவே களைச்சுப் போவாளே” என்றாள் ராஜகுமாரி கவலையாக.

அதற்கும் ஜாபஸிடம் பதில் இருந்தது. பொத்தானைச் சட்டென்று அழுத்தினால் எழுத்து. அழுத்திப் பிடித்தால் ஒளி அங்கேயே நிற்கட்டும். விட்டு, மறுபடி பிடித்தால் மெதுவாகப் போகட்டும். எது வேண்டும் என்று அவரவர் சொல்லட்டும். இதைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு அந்தப் பிற்பகல் பாதி ஆயிற்று.

ஹேமநாதன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவங்க வாங்கி வச்சிருக்கிறது மெஷின் தானா கண்டுபிடிக்கிறதுக்கு. ஆளே சொன்னா அது வேற விஷயம்” என்றான் மெதுவாக. “இருங்க, ஆவணத்தை நான் ஒழுங்கா இன்னொரு தடவை படிக்கிறேன்.”

“படிக்கவே கூடாதுன்ன?” என்றான் பரந்தாமன்.

“ஆபீஸ்லதான்டா.”

அன்று மாலை அந்த அறையில் இருந்தே எல்லாவற்றையும் மடற்குழுவில் போட்டார்கள். வக்கீலின் ரகசியக் கடிதம், கையெழுத்துப் போட முடியாது என்ற ஞானகுமாரியின் பதில், ஜாபஸ் சொன்ன புது வழி, அதைப் பற்றி ஹேமநாதனின் சந்தேகங்கள், எல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகப்பன் உடனே எழுதினார்: ‘என் மகனும் இதைத்தான் சொல்ல முயன்றானோ தெரியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன்.’ அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு மாதிரி பதில். மூடின குழுவாக இருந்திருந்தால் அந்த நாலு பேரில் ஜாபஸ் இருந்திருப்பானா? ஹேமநாதனே பின்னாளில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவான்.

பழைய பகுதியை நீக்கும் வேலையை ஞானகுமாரி யாருக்கும் விடவில்லை. தன் கையாலேயே ஒவ்வொரு வரியாக எடுத்தாள். நீக்கியதற்குக் காரணம் எழுதும் இடத்தில் கம்பெனியின் பெயரும் இல்லை, காப்புரிமை என்ற சொல்லும் இல்லை. ‘பயன்படுத்துபவர் கேட்டுக்கொண்டபடி’ என்று மட்டும் எழுதினாள். பக்கம் சில வாரங்களில் திரும்பி வந்தது. வக்கீலிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை.

இன்று அந்த மாடி இல்லை. ஹேமநாதன் பெங்களூரில். பரந்தாமன் கடையைத் திருமழிசைப் பக்கம் மாற்றிக்கொண்டான். மடற்குழுவில் எப்போதாவது ஒரு மடல். இப்போது ஞாயிற்றுக்கிழமைகள் வெறும் ஞாயிற்றுக்கிழமைகளாக இருக்கின்றன என்று ஞானகுமாரி சொல்லும்போது, கேட்பவர்களுக்கே அந்த அறையின் டீ வாசனை வந்து போகும்.

புது ‘வரிசை’ முதன்முதலாக வீட்டில் ஓடிய மாலையைப் பற்றி மட்டும் அவள் அதிகம் பேசமாட்டாள். வெளியே விளக்கு வைக்கும் நேரம். அவள் அவனுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஜாபஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தான். ஒளி ஓர் எழுத்தின் மேல் அசையாமல் நின்றது. அவளுடைய நாக்கு நுனிக்கு என்னென்னவோ வந்தது. தண்ணியா? போர்வையா? உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் விட்டான், அழுத்தினான், மறுபடி பிடித்துக்கொண்டு யோசித்தான். கேள்வி முழுதாக வந்து நின்றபோது அறைக்குள் இருட்டியிருந்தது.

‘அம்மா கடைசியாக என்ன சொன்னாள்?’

ஐயோ, இத்தனை வருடமாக இதையா நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாய் தம்பி! உன் பெயரைத்தான் சொன்னாள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்ல முடியவில்லை.

“ஃபேனைக் குறைடி, குளிருது, கரண்டு பில்லும் ஏறும்னு சொன்னாங்கடா” என்றாள். “நான் எழுந்து குறைச்சுட்டு வந்து பாத்தேன். அவ்வளவுதான்.”

ஜாபஸின் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை. காத்திருந்தாள். ஒளி நெடுநேரம் நின்று, நகர்ந்து, நின்று, ஒரே ஒரு சொல்லில் வந்து முடிந்தது.

‘அம்மாதான்.’